சும்மா இருக்கத் தெரியாத கைகள்

சைக்கிள் கரியரில் இரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிய வாளி தளும்பத் தளும்ப அபூதாஹிர் தன் வீடிருக்கும் ஒழுங்கைக்குள் திரும்புகிறார். நண்பகல் லுஹர் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அவருக்கு முன்னதாகவே பூனைகள் வந்து மதிலில் குந்தியிருக்கின்றன. வாளிக்குள் இருப்பது மீன் கழுவிய தண்ணீர். காலையிலிருந்து அவர் வெட்டிக் கொடுத்த பாரை, விளமீன், அறக்குளா அத்தனையின் இரத்தமும் செதிலும் கலந்த செந்நீர். முதல் தகரப்பேணி மூலைவீட்டுக் கறிவேப்பிலைக்கு. அடுத்தது எதிர்வீட்டு முருங்கைக்கு. பிறகு ரீச்சர் வீட்டு ரோசாக்களுக்கு. வீட்டுக்காரர் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அவர் பாட்டுக்குக் கேற்றுக்கு மேலால் கையை விட்டு ஊற்றிக்கொண்டே வருவார். "செடி கண்டு வாய் திறந்து கேக்குமா? நாமதான் பாத்துக் குடுக்கணும்" என்பது அவருடைய கட்சி.

அந்தக் கட்சி நெடுங்காலம் தோற்றதே இல்லை. திருகோணமலைத் துறைமுகத்து உப்புக்காற்று இலை நுனிகளைக் கருக்கிவிடும். ஆனால் இந்த ஒழுங்கையில் மட்டும் முருங்கைக்காய் முழங்கை நீளத்துக்குத் தொங்கும். கறிவேப்பிலை கூரையைத் தொடும். வீதியில் போகிற புதியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோசாவைப் பார்த்து நிற்பார்கள்.

சந்தையில் அவருக்கு ஒரு புளியமரக் குற்றி, மூன்று கத்தி, ஒரு வாளி. ஐம்பத்தாறு வயதுக்குக் கை அசாத்திய வேகம். கொடுவாவின் செதிலை அவர் சீவும்போது பக்கத்தில் நிற்பவர்கள் ஓரடி பின்வாங்குவார்கள், மழை தூறுகிற மாதிரித் தெறிக்கும். மீன் வராத நேரத்திலும் அந்தக் கைகளுக்கு ஓய்வு தெரியாது. கத்தி தீட்டுவார். தீட்டிய கத்தியை மறுபடி தீட்டுவார். குற்றியைச் சுரண்டுவார். பக்கத்துத் தட்டில் பிறத்தியார் மீனைத் தலைமாற்றி அழகாக அடுக்கி வைப்பார். வீட்டிலும் இதே கதைதான். சத்தமே போடாத காற்றாடியைக் கழற்றிப் பூட்டுவார், பிறகு அது சத்தம் போடும். "இந்த மனிசனுக்கு அல்லாஹ் ரெண்டு கையோட நிப்பாட்டினது பெரிய ரஹ்மத்து" என்று மனைவி பஸ்மியா சொல்வாள். "ரெண்டுக்கே வீடு தாங்குதில்ல."

பஸ்மியா அதிகம் பேசுகிறவள் அல்ல, எதையும் கேட்கிறவளும் அல்ல. அவருடைய சட்டைகளைத் தேசிக்காய் போட்டு ஊறவைத்து, மீன் மணம் போகாது என்று தெரிந்தும் தினம் தோய்ப்பவள். அவள் தனக்கென்று ஆசைப்பட்டுக் கொண்டுவந்த ஒரே பொருள் அந்த ஓர்க்கிட். கண்டியில் வாழ்க்கைப்பட்ட மகள் இன்ஷிராவைப் பார்க்கப் போனவள் வழியில் வாங்கி, வரும்வழி முழுக்க பஸ்ஸில் பிள்ளையை வைத்திருப்பதுபோல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வெள்ளை இதழ், தொண்டையில் ஊதா. முற்றத்தில் வைத்தால் ஊருக்குள் உலாத்துகிற மான்கள் ஒரு வாயில் முடித்துவிடும் என்று குசினி யன்னலுக்குள் வைத்தாள். காலையில் தேயிலைச் சாயம் இறங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இன்ஷிராவுக்குப் பிள்ளை கிடைக்கப்போகிறது என்று அவள் மறுபடி கண்டிக்குப் புறப்பட்டபோது சோறு, கறி, சட்டை எதைப் பற்றியும் உத்தரவு போடவில்லை. பூக்கண்டைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"கிழமைக்கு ஒருக்கா ஒரு பேணி தண்ணி. வேற ஒண்டும் செய்யக் கூடா. தொடவும் கூடா. சும்மா விடுங்க."

"ஓம் ஓம். நான் என்ன சின்னப் புள்ளயா?"

அவள் ஏறிய பஸ் கந்தளாயைத் தாண்டியிருக்காது. ஒழுங்கை முழுவதற்கும் ஊற்றி முடிந்து வாளியில் ஒரு பேணி மிச்சம் இருந்தது. வீட்டுக்குள் வந்தார். ஊரிலுள்ள கண்டுகள் எல்லாம் அவர் கையால் தின்று கொழுக்கின்றன, சொந்த வீட்டுக் கண்டு மட்டும் பச்சைத்தண்ணீரில் நோன்பு இருப்பதா? அவருடைய நியாயத்துக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. ஊற்றினார்.

மறுநாளும் ஊற்றினார். பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. "பூ எண்டா கொட்டும்தானே" என்றார். இலைகள் சுருங்கித் துவண்டு, வெயிலில் மறந்துபோன ஒட்டிமீன் மாதிரி ஆயின. தாகம்தான் என்று தீர்மானித்து இரண்டு பேணி ஊற்றினார். இலை இன்னும் துவண்டது. மூன்றாக்கினார்.

அந்திக்கு அந்தி பஸ்மியா வீடியோவில் வருவாள். பேரனைக் காட்டுவாள், பிறகு கேட்பாள்: "பூக்கண்டக் காட்டுங்களன்." உடனே அபூதாஹிர் வீட்டுக்குள் வெளிச்சம் காணாது என்பார், போனில் சார்ஜ் இல்லை என்பார், பேரனின் மூக்கு தன் மூக்கா வாப்பாவின் மூக்கா என்று ஆராய்ச்சியில் இறங்குவார். ஒருநாள் கண்டின் பின்பக்கத்தைத் தூரத்திலிருந்து காட்டி, கைநடுக்கம் என்று போனை ஆட்டியும் விட்டார். திருக்கையைத் தோலுரிக்கும்போது நடுங்காத கை!

இந்த நேரத்தில்தான் உப்புவெளியிலிருந்து சிவாஜினி மீன் வாங்க வந்தாள். கடற்கரைப்பக்கம் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறவள். வெள்ளைக்காரருக்குப் பொரிக்க வாரத்தில் இரண்டுதரம் அறக்குளா வாங்கி அவரிடம்தான் வெட்டுவிப்பாள். அவளுடைய விறாந்தையில் ஓர்க்கிட் தொங்குவது அவருக்குத் தெரியும். மீனைக் குற்றியில் போட்டவர் கத்தியை எடுக்கவில்லை. அபூதாஹிர் கத்தியை எடுக்காமல் நிற்பதைப் பார்த்துச் சந்தையே திரும்பிப் பார்த்தது.

"என்ன அபூதாஹிர் நானா, சுகமில்லையே?"

"எனக்கில்ல தங்கச்சி. வீட்ட ஒரு கண்டுக்கு."

சொன்னார். பஸ்மியா கண்டிக்குப் போனதைச் சொன்னார், இலைச் சுருக்கத்தைச் சொன்னார், தாகத்தைச் சொன்னார், பேணிக் கணக்கைச் சொன்னார். சிவாஜினி கேட்டாள்:

"என்ன தண்ணி விடுறனீங்கள்?"

"நம்மட தண்ணிதான்." கண்ணால் வாளியைக் காட்டினார்.

சிவாஜினி நெற்றியில் கையை வைத்தாள். "ஐயோ நானா! ஓர்க்கிட்டுக்கு மீன்தண்ணியே? உப்பும் அழுகலும் எல்லோ அது! வேர் அழுகிப்போனா அது எதால குடிக்கும்? குடிக்க ஏலாமத்தான் இலை வாடுது. நீங்கள் அதைத் தாகம் எண்டு நினைச்சு இன்னும் இன்னும் ஊத்தியிருக்கிறியள்."

"அப்ப மவுத்தா? செத்தே போச்சா?"

"வேரைப் பாத்தாத்தான் சொல்லலாம். எப்ப வாறா அவ?"

"இந்த மாசக் கடைசியில."

"அப்ப நிண்டு கதைக்காதேங்கோ. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. நான் நிக்கிறன்."

வெட்டாத மீனைக் குற்றியிலேயே விட்டுவிட்டு அபூதாஹிர் சைக்கிளில் பறந்தார். அவர் அப்படிப் போனதைச் சந்தை கண்டதில்லை. திரும்பி வந்தபோது ஒருகையால் ஹாண்டிலும் மறுகையால் நெஞ்சோடு சேர்த்த பூச்சட்டியுமாக வந்தார். வெற்றிலைக்காரரும் முட்டைக்காரரும் எழுந்து வந்தார்கள். தேத்தண்ணிக்கடை முனீப் கேத்தலை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்தான்.

சிவாஜினி சட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். கறுத்துப்போன பாசியும் நாரும் கொழகொழவென்று விழுந்தன. மணம் எழுந்தது. அத்தனை பேரும் முகத்தைத் திருப்ப, அபூதாஹிர் மட்டும் குனிந்து மோந்தார்.

"யா அல்லாஹ். இது மூணுநாள் சூரை மீன்ட மணமெல்லோ!"

"ஓம். இனி நல்ல வேர் எது, கெட்டது எது எண்டு பாக்கோணும். அமத்திப் பாருங்கோ. கெட்டதெண்டா..."

அவள் முடிக்கவில்லை. அவர் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு வேரைப் பிடித்து மெல்ல அமத்தினார். தோல் வழுக்கிக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. "போச்சு." அடுத்தது. "போச்சு." அடுத்ததை அமத்தினார், அது விரலை எதிர்த்து நிமிர்ந்தது. அவர் கண் விரிந்தது. "தங்கச்சி! இது திரும்பி எழும்புது! இது இப்ப புடிச்ச பச்ச மீன்!"

கூட்டம் நெருங்கிக்கொண்டது. ஒவ்வொரு வேருக்கும் அவர் தீர்ப்புச் சொல்லச் சொல்ல, வேலியில் நின்று பந்தடி பார்ப்பவர்கள் மாதிரி எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். "போச்சு... போச்சு... இது இரிக்கு!" கடைசியில் உயிரோடு மிஞ்சியவை மூன்றே மூன்று. அவற்றிலும் ஒன்று அரைகுறை.

"காணும்" என்றாள் சிவாஜினி. "மூண்டு இருந்தாத் தப்பும்."

அபூதாஹிர் கத்தியை எடுத்தார்.

"அந்தக் கத்தியாலயோ? வையுங்கோ கீழ!"

முனீப்பின் அடுப்பு கைகொடுத்தது. கணவாய் துப்புரவாக்கும் சின்னக் கத்தியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, தேசிக்காய் பூசி, நெருப்பில் நீலம்பாரிக்கக் காய்ச்சி, ஆறவைத்து எடுத்தார்கள். சுறாவை இரண்டாக்குகிற கை, நூலளவு வேரின் முன்னால் அசையாமல் நின்றது. பின்பு சதக், சதக் என்று அழுகியதை மட்டும் வெட்டியது. ஒவ்வொரு வெட்டிலும் அவர் பிஸ்மி சொன்னார்.

"வெட்டின வாயில கறுவாப்பட்டைத் தூள் பூசோணும். காளான் பிடியாது."

முனீப் சரக்குக்கடைக்கு ஓடிக் கறுவாத்தூளோடு வந்தான். "நானா, மிளகுதூளும் கொஞ்சம் போடுவமா? உப்புப் பாத்து இறக்கினாச் சரி."

"வாயப் பொத்துடா. இஞ்ச சத்திர சிகிச்சை நடக்குது."

மிச்சமெல்லாம் சந்தைக்குள்ளேயே கிடைத்தது. செவ்விளநீர்க்காரரிடம் மட்டைத்துண்டு. உடுப்பு அழுத்துபவரிடம் சிரட்டைக்கரி. மட்டையில் உப்பு இருக்கும் என்று சிவாஜினி கொதிதண்ணீர் ஊற்றி ஊற்றி வடித்தாள். பழைய சட்டி சரிவராது, சுற்றிவரக் காற்றுப் போகவேண்டும் என்றாள். எல்லோரும் நாலாபக்கமும் பார்த்தார்கள். பனையோலைச் சாமான் விற்கிற நல்லம்மா தன் குவியலிலிருந்து பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இதில பிட்டு அவிச்சிருக்கிறன். பூ அவிச்சுப் பாக்கேல்ல. பிடியுங்கோ."

கூம்புப் பெட்டிக்குள் கரி, அதன்மேல் மட்டை, நடுவில் மூன்று வேரோடு அந்தக் கண்டு. ஆடாமல் நிற்க அபூதாஹிர் தூண்டில் நரம்பால் ஒரு கட்டுப் போட்டார். அவர் போட்ட முடிச்சை மீனே அவிழ்க்காது, காற்று எப்படி அவிழ்க்கும். கூரைக் கம்பியில் தொங்கவிட்டு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து முடிக்கவில்லை, மரக்கறிப் பக்கம் இலை பொறுக்க வந்த மான் ஒன்று பின்னால் வந்து கழுத்தை நீட்டியது. "ஏய்ய்!" என்று அபூதாஹிர் குற்றியில் கிடந்த அறக்குளாவை வாலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். மான் ஒருபக்கம், முட்டைக்காரர் மறுபக்கம். கண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவாஜினியின் மீனுக்குத்தான் வால் பிய்ந்துபோனது.

போகும்போது அவள் விரலை நீட்டிச் சொன்னாள்: "நானா, இனித்தான் கஷ்டமான வேலை. இந்தக் கிழமை ஒரு சொட்டுத் தண்ணியும் விடக்கூடாது. அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையில மட்டும், மழைத்தண்ணி. மற்ற நாளில ஒண்டும் செய்யாதேங்கோ. தொட்டுப் பாக்காதேங்கோ. கிளறாதேங்கோ. நானும் உப்பிடிக் கிளறிக் கிளறி அஞ்சைக் கொண்டுட்டுத்தான் இதைப் பழகினனான்."

"ஒண்டும் செய்யாம இரிக்கிறது ஒரு வேலையா?"

"செய்து பாருங்கோ, தெரியும்."

தெரிந்தது. பெட்டி குசினி யன்னலில் தொங்கியது. வாளியைக் கேற்றடியிலேயே வைத்துவிட்டு உள்ளே வருவார். வேரின்மேல் கண் போகும், கண்ணுக்குப் பின்னால் கை போகும். கையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுவார். ரீச்சர் வீட்டுக் கேற்றுக்கு எண்ணெய் விட்டார். பள்ளிவாசல் செருப்புத் தட்டைத் திருத்தினார். தன் காற்றாடியைக் கழற்றி, இம்முறை உண்மையாகவே சத்தம் நிற்கும்படி பூட்டினார். அந்த நாட்களில் ஒழுங்கைக்குள் பழுதானது என்று சொல்ல ஒரு சாமானும் மிஞ்சவில்லை.

முனீப் கேட்டான்: "என்ன நானா, பஸ்மியா ராத்தா ஏசுவா எண்டு பயமா?"

கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஏசினாப் பரவால்லயேடா. அவ ஏச மாட்டா. ஒண்டும் பேசாமக் குசினிக்குள்ள போவா. அதுதான் தாங்க ஏலா."

ஒரு காலை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பியவர் அப்படியே நின்றார். மட்டைத்துண்டுக்கு மேலே, தண்டின் அடியில், பயறு முளைவிட்ட மாதிரி ஒரு பச்சை நுனி. கண்ணைக் கசக்கினார். யன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். தொடவில்லை! படம் எடுத்தார், கை நடுங்கி மங்கிப்போனது, இம்முறை நடிப்பில்லை. மறுபடி எடுத்தார். அன்று சந்தையில் மீன் வெட்டுவிக்க வந்த ஒருவராலும் படத்தைப் பார்க்காமல் மீனை வாங்கிக்கொண்டு போகமுடியவில்லை.

"இது வேரா, புழுவா?" என்றான் முனீப்.

"உன்ட கண்ணுல பூ! வேர்டா! புது வேர்!"

மீன் வாங்க வந்த சிவாஜினி போனை வாங்கி இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். பார்த்தவள் கூவியேவிட்டாள். "நானா! இது வேர்தான்! பிழைச்சிட்டுது!" நல்லம்மா தன் இடத்திலிருந்தபடியே கேட்டாள்: "என்ர பெட்டியில எல்லோ பிழைச்சது? முதல் பூ எனக்கு."

மாதக் கடைசியில் பஸ்மியா வந்து இறங்கினாள். முச்சக்கரவண்டியிலிருந்து பையை இறக்கி வாசற்படியில் வைக்கும் முன்பே அபூதாஹிர் தொடங்கிவிட்டார். மீன்தண்ணீரில் தொடங்கி, அழுகிய வேரைச் சொல்லி, வீடியோவில் ஆட்டிய போனைச் சொல்லி, கறுவாத்தூளையும் நீத்துப்பெட்டியையும் மானையும் சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையை அவர் கையில் கொடுத்தாள். ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போனாள்.

அவர் பையோடு வாசலில் நின்றார். பொறுக்கமுடியாமல் மெல்லப் போய் எட்டிப் பார்த்தார்.

பஸ்மியா யன்னலடியில் நின்றாள். பூ இல்லை. ஒரு காலத்தில் விறைப்பாக நின்ற இலைகளில் இரண்டுதான் மிச்சம். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"கறுவா மணக்குது."

"அது மருந்து."

"எங்க அந்த வேர்?"

அவர் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தார். விரல் நீண்டது. வேருக்கு ஒரு நெல்லிடை தூரத்தில் நின்றது. "இந்தா... இஞ்ச... பச்சையா."

அவள் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு பெட்டியின் ஓரத்தை விரல்நுனியால் தடவினாள், மட்டையைத் தொட்டாள்.

"காஞ்சு கிடக்கே. பாவம். ஒரு சொட்டு விடவா?"

"விடாத புள்ள!" குசினி அதிரக் கத்திவிட்டார் அபூதாஹிர். "ஞாயிறு! ஞாயிறுக்குத்தான்! சும்மா விடு!"

பஸ்மியா திரும்பி அவரைப் பார்த்தாள். வாயோரம் துடித்தது. பிறகு, பஸ் களைப்பு எல்லாம் குலுங்கிக் கொட்டும்படி சிரித்தாள். "நீங்களா? நீங்களா எனக்குச் சும்மா இரிக்கச் சொல்லித் தாறீங்க?" தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள், சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அபூதாஹிர் கதிரையை இழுத்து யன்னலுக்கு நேரே போட்டார். பெட்டி காற்றில் கொஞ்சம் கோணலாகத் திரும்பி நின்றது. நேராக்கினால் நல்லது. வலதுகை எழும்பியது. அதை அவர் பார்த்தார். மெதுவாகக் கீழே இறக்கி, கதிரையில் உள்ளங்கை படும்படி வைத்தார். இடதுகையையும் பக்கத்தில் வைத்தார். பிறகு இரண்டின் மேலும் நன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டார்.